பக்கத்தில் இன்னொரு பிள்ளை

கோட்டக்குப்பத்தில் பிளஸ் ஒன் சேர்ந்த பிள்ளை இருக்கும் வீட்டில் ஜூன் மாதம் தவறாமல் ஒரு பேச்சு நடக்கும். கெமிஸ்ட்ரிக்கும் பயாலஜிக்கும் யாரை வைப்பது? எல்லையைத் தாண்டினால் புதுச்சேரியில் டியூஷன் சென்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே ஒரே அறையில் ஐம்பது பேர், அறுபது பேர். வளைகுடாவிலோ பிரான்சிலோ வேலை பார்க்கும் தந்தை போனில் முடிவைச் சொல்லிவிடுவார்: "கும்பல்ல உக்காந்தா என்ன ஏறும்? பிள்ளைக்குன்னு தனியா ஒரு வாத்தியாரை ஆன்லைன்ல போடு. காசு நான் அனுப்புறேன்." தாய்க்கும் அதுவே சரியென்று படும். பிள்ளை வெளியே போக வேண்டாம், கிழக்குக் கடற்கரைச் சாலையை இருட்டிய பிறகு கடக்க வேண்டாம், வாத்தியாரின் முழுக் கவனமும் தன் பிள்ளைக்கே கிடைக்கும். "தனிக் கவனம் வேணும் சார்" என்று என்னிடம் சொல்லாத பெற்றோர் குறைவு.

அந்த நம்பிக்கையை மறுக்கவே இதை எழுதுகிறேன். பெற்றோரின் அக்கறையிலோ உழைத்து அனுப்பும் பணத்தின் மதிப்பிலோ எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு வாத்தியாரும் ஒரு பிள்ளையும் மட்டும் இருந்தால் பாடம் நன்றாக ஏறும் என்ற கணக்கு தவறு என்கிறேன். மற்ற பாடங்களைவிட வேதியியலிலும் உயிரியலிலும் அது கூடுதலாகத் தவறு.

இந்த நம்பிக்கைக்கு ஓர் அறிவியல் ஆதாரமும் காட்டுகிறார்கள், எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் நூற்றுக்கு 98 பேரைவிட மேலே நின்றார் என்பது அதன் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு. தனிப்பயிற்சி விற்பவர்கள் இந்த ஒரு வரியை நாற்பது ஆண்டுகளாக முன்னால் வைக்கிறார்கள். கட்டுரையின் மீதியை யாரும் வைப்பதில்லை.

அந்தச் சோதனைகளை நடத்தியவர்கள் புளூமின் ஆய்வு மாணவர்கள் இருவர். எடுத்துக்கொண்ட பாடங்கள் நிகழ்தகவும் வரைபடவியலும். காலம் ஏறக்குறைய மூன்று வாரம். தனிப்பயிற்சி என்று அவர்கள் சொன்னதில் ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவரும் உண்டு, இருவரும் மூவரும் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமானது வேறொன்று. அந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சிறுதேர்வு இருந்தது. எங்கே தவறினார்கள் என்று காட்டி, திருத்தி, தேறிய பிறகே அடுத்த பகுதிக்குப் போனார்கள். இதே தேர்வையும் திருத்தலையும் முப்பது பேர் வகுப்புக்குக் கொடுத்தபோது, அந்த வகுப்பின் சராசரி மாணவரும் வழக்கமான வகுப்பினரில் 84 விழுக்காட்டினரைத் தாண்டினார். கிடைத்த பலனில் ஏறத்தாழப் பாதி, தனியாக உட்காராமலே கிடைத்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. புளூம் தன் கட்டுரைத் தலைப்பிலேயே தான் எதைத் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டார்: தனிப்பயிற்சிக்கு நிகரான குழுக் கற்பித்தல் முறைகளை. ஒரு பிள்ளைக்கு ஒரு வாத்தியார் என்பது பெரும்பாலான சமூகங்களால் தாங்க முடியாத செலவு, ஆகவே குழுவிலேயே அந்தப் பலனைக் கொண்டுவரும் வழியைக் கண்டுபிடியுங்கள் என்று ஆசிரியர் உலகத்துக்கு விடுத்த அழைப்பு அது. குழுவைத் தேடச் சொன்னவரைக் குழுவுக்கு எதிரான சாட்சியாக நிறுத்திவிட்டார்கள்.

பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தப் பிரம்மாண்ட எண்ணும் நிற்கவில்லை. கர்ட் வான்லேன் 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனிதர் தரும் தனிப்பயிற்சியின் பலன் புளூம் சொன்னதில் பாதிக்கும் குறைவாகவே இருந்தது. கணக்கைப் படிப்படியாகச் சரிபார்த்துத் திருத்தும் கணினி நிரல்களும் கிட்டத்தட்ட அதே பலனைத் தந்தன. அப்படியென்றால் வேலை செய்வது வாத்தியாரின் முழுக் கவனம் இல்லை. பிள்ளையின் தவறு எந்தப் படியில் நேர்ந்ததோ அந்தப் படியிலேயே அது வெளியே தெரிவதுதான் வேலை செய்கிறது.

தவறு வெளியே தெரிய வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். ஆன்லைன் தனிப்பயிற்சியில் நடக்காத காரியமும் அதுவே.

நானும் இந்தத் தொழிலில் இருந்தவன். 2020-இல் பள்ளிகள் மூடியபோது தொடங்கி நான்கு ஆண்டுகள் இணையத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக வேதியியல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி நான் பேசினேன். பிள்ளை பேசியது பெரும்பாலும் மூன்று சொற்கள்: "ஓகே சார்", "புரியுது சார்", "கேக்குது சார்". பாதிப் பேர் கேமராவை அணைத்துவைப்பார்கள். பெண் பிள்ளைகள் வீடுகளில் அது வழக்கம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் முழுக் கவனமும் செலுத்தியது ஒரு கறுப்புச் சதுரத்தின் மீது. அந்தப் பிள்ளையின் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது, பேனா எந்த வரியில் நின்றுவிட்டது, எங்கே அடித்துத் திருத்தினாள் என்று எதையும் நான் பார்க்கவில்லை. நாற்பது பேர் வகுப்பில் பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கும் ஆசிரியர் ஒரு சுற்றில் பார்ப்பதில் கால்பங்குகூட எனக்குத் தெரியவில்லை.

மௌனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நேரில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதினைந்து நொடி காத்திருக்கலாம். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், ஒருவன் முணுமுணுப்பான், இன்னொருத்தி நோட்டில் கிறுக்குவாள். அந்தப் பதினைந்து நொடியில் வகுப்பு முழுவதும் வேலை செய்கிறது. திரையில் ஒரே பிள்ளையிடம் கேட்டுவிட்டுப் பதினைந்து நொடி பேசாமல் இருந்தால், இணைப்பு அறுந்துவிட்டதோ என்று இரு பக்கமும் பதற்றம் வந்துவிடும். "சார், கேக்குதா?" என்று பிள்ளை கேட்கும். பின்னால் நிற்கும் அம்மா எட்டிப் பார்ப்பார். மணிக்கணக்குக்குக் காசு வாங்கியவன் சும்மா இருக்கிறானே என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று எனக்கே தோன்றும். உடனே விடையைச் சொல்லிவிடுவேன். அப்படி ஒவ்வொரு மாலையும் பிள்ளை யோசிக்க வேண்டிய நேரத்தையெல்லாம் நானே பேசித் தீர்த்தேன். நான் பாடம் எடுத்த ஓர் இணைய நிறுவனத்தில் மாதக் கடைசியில் கேட்ட கேள்வியும் எத்தனை பாடம் முடிந்தது என்பதே. பிள்ளை எத்தனை முறை தவறினாள், அதில் எத்தனையை அவளே திருத்தினாள் என்று யாரும் கேட்கவில்லை.

ஆய்வாளர் மிஷலின் சீ 2001-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை எனக்கு நன்றாக விளக்கியது. எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு மனித ரத்த ஓட்டம் பற்றித் தனிப்பயிற்சி. ஒரு தொகுதி மாணவர்களுக்குப் பயிற்றுநர்கள் வழக்கம்போல் விளக்கினார்கள். இன்னொரு தொகுதிக்கு விளக்கக் கூடாது, மாணவரைப் பேசத் தூண்டும் கேள்விகள் மட்டும் கேட்கலாம் என்று கட்டுப்பாடு. இரண்டு தொகுதி மாணவர்களும் ஒரே அளவு கற்றார்கள். விளக்கத்துக்காகத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அந்த விளக்கத்தை அடியோடு எடுத்த பிறகும் கற்றல் குறையவில்லை.

இனி வேதியியலுக்கு வருகிறேன். பதினொன்றாம் வகுப்பின் முதல் பாடத்திலேயே மோல் வந்துவிடும். அங்கே சறுக்கிய பிள்ளை இரண்டு வருடமும் சறுக்கும். ஒரு கணக்கு: 10 கிராம் கால்சியம் கார்பனேட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முழுவதும் கரைத்தால் எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும்? இணையத்தில் நான் படிப்படியாகச் சொல்லித்தந்த பெண் இதைச் சரியாகவே போட்டாள். நூறு கிராம் ஒரு மோல், பத்து கிராம் 0.1 மோல், வாயுவும் 0.1 மோல், விடை 4.4 கிராம். அவளுக்கு மோல் புரிந்துவிட்டது என்று நம்பினேன். மூன்று மாதம் கழித்து வேறொரு கணக்கில் தெரிந்தது, அவள் மனத்தில் இருந்தது ஒரு வாய்பாடு மட்டும்.

இப்போது கோட்டக்குப்பத்தில் ஒரு வீட்டு மாடியில் ஐந்து பிள்ளைகளோடு உட்காருகிறேன். அதே கணக்கைக் கொடுத்தேன், விடை சொல்லவில்லை. ஒருவன் 10 கிராம் என்றான்: "உள்ள போனதுதானே சார் வெளிய வரும்." ஒருத்தி 5 என்றாள். அவள் கணக்கில் பாதி வாயு, பாதி உப்பு. இன்னொருவன் 44 என்றான், மோல் எடையை அப்படியே எடுத்து வைத்தான். நாலாவது பெண் 4.4 என்றாள், ஆனால் ஏன் என்று கேட்டவுடன் குரல் இறங்கிவிட்டது. பத்துக்காரன் விடவில்லை. "பத்து கிராம் போட்டா 4.4 வருது. மீதி எங்கடி போச்சு?" இதுதான் கேள்வி. பாடநூலின் பின்பக்கத்தில் அச்சிட்ட கேள்வி பிள்ளையின் மனத்துக்குள் இருக்கும் இந்தக் கேள்வியைத் தொடாது. அவள் பதில் சொல்ல வேண்டியிருந்ததால் எல்லாவற்றையும் எழுதினாள். உள்ளே போனது கார்பனேட் 10 கிராம், அமிலம் 7.3 கிராம். வெளியே வந்தது கால்சியம் குளோரைடு 11.1, வாயு 4.4, தண்ணீர் 1.8. இரண்டு பக்கமும் 17.3. எழுதி முடித்தபோது பத்துக்காரனைவிட அவளுக்குத்தான் அதிகம் புரிந்தது. நான் அரைமணி நேரம் பேசியிருந்தாலும் அதைக் கொடுத்திருக்க முடியாது. அதைக் கொடுத்தது அவள் பக்கத்தில் இருந்த ஒரு தவறான விடை.

மறுநாள் அவர்களே கடற்கரையிலிருந்து கிளிஞ்சல் பொறுக்கி வந்தார்கள். கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகர் ஊற்றினால் நுரைக்கும். சமையலறைத் தராசில் எடை குறைவதைப் பார்க்கலாம். நுரை மெதுவாக வந்ததால் ஒருவன் கிளிஞ்சலைப் பொடித்துப் போட்டான், நுரை சீறியது. வினைவேகத்துக்கும் புறப்பரப்புக்கும் உள்ள தொடர்பு பிளஸ் டூ பாடம். அவனுக்கு அது பிளஸ் ஒன்னிலேயே கையில் வந்துவிட்டது.

மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ வேதியியலுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அந்த இருபதையும் பள்ளி எப்படியும் போட்டுவிடும் என்று பெற்றோரும் பிள்ளைகளும் பேசிக்கொள்கிறார்கள். நான் மதிப்பெண்ணைச் சொல்லவில்லை, பியூரெட்டைச் சொல்கிறேன். ஆக்சாலிக் அமிலத்தோடு கந்தக அமிலம் சேர்த்துச் சூடாக்கி, பெர்மாங்கனேட் கரைசலை மேலிருந்து சொட்டுச் சொட்டாக விடும்போது, முதல் சொட்டின் நிறம் உடனே போகாது. இளஞ்சிவப்பு தங்கி நிற்கும். முதல் தடவை செய்யும் பிள்ளை முடிவுநிலை வந்துவிட்டதென்று குழாயை மூடிவிடும். கொஞ்சம் குலுக்கியதும் நிறம் மறையும். அதன் பிறகு விழும் சொட்டுகள் விழுந்த நொடியில் மறையும். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையைத் துரிதப்படுத்துகிறது. தன் விளைபொருளே தனக்கு வினையூக்கி. இந்த ஏமாற்றத்தைக் கண்ணால் பட்டவன் தன்வினையூக்கத்தை மறக்க மாட்டான். இணைய வாத்தியார் காட்டும் காணொளியில் முதல் சொட்டின் தயக்கத்தை வெட்டிவிட்டிருப்பார்கள், நேரம் மிச்சம். முடிவுநிலை அதில் எப்போதும் சரியாக வரும். பிள்ளையின் கையில் முதல் தடவை அது தாண்டிப்போகும், இரண்டாம் தடவையும் தாண்டும். பக்கத்து மேசைப் பிள்ளையின் அளவீடும் தன் அளவீடும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று இருவரும் தேடுவார்கள். தேடும்போது பிப்பெட்டை வாயால் ஊதியது தெரியவரும், பியூரெட்டைக் கரைசலால் அலசாதது தெரியவரும்.

உயிரியலைப் பற்றிய தவறு இன்னும் ஆழமானது. அது மனப்பாடப் பாடம் என்று முடிவுசெய்துவிட்டார்கள். மனப்பாடத்துக்குக் கூட்டாளி எதற்கு, ஒப்பிக்கக் கேட்க ஒரு வாத்தியார் போதும் என்பது அடுத்த முடிவு. நீட் தேர்வில் 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு 360, வேதியியலுக்கு 180. இரண்டும் சேர்ந்தால் நாலில் மூன்று பங்கு. இத்தனை எடையுள்ள பாடத்தை ஒரு திரையில் வரி வரியாக அடிக்கோடிட்டுக் கழிக்கிறோம்.

கோட்டக்குப்பத்தில் மீன் வாங்கத் தெரியாத வீடு இல்லை. செவுளைத் தூக்கி, சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் பத்து வயதில் வந்துவிடுகிறது. அந்தச் சிவப்பு ஏன்? செவுள் இழைகளுக்குள் ஓடும் நுண்குழாய்களின் ரத்தம் அது. நீர் ஒரு திசையில் போக ரத்தம் எதிர்த் திசையில் போவதால், நீரில் கரைந்திருக்கும் கொஞ்ச ஆக்சிஜனையும் மீன் உறிஞ்சிக்கொள்கிறது. மீனின் இதயத்துக்கு இரண்டே அறைகள், ரத்தம் ஒரு சுற்றில் ஒரு முறைதான் அதன் வழியாகப் போகும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் எங்கோ ஒரு நகரத்தில் உட்கார்ந்திருக்கும் வாத்தியாருக்கு, திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவள் நேற்றுக் காலை சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தவள் என்று தெரியாது. மணலில் படர்ந்து கிடக்கும் அடப்பங்கொடியும் முள்ளுருண்டையாகக் காற்றில் உருளும் இராவணன் மீசையும் அப்படித்தான். அந்த வெயிலில், அந்த உப்பில், அந்தச் சுடுமணலில் அவை எப்படிப் பிழைக்கின்றன என்று நாலு பிள்ளைகள் மணலில் நின்று கேட்டுக்கொண்டால், ஒளிச்சேர்க்கைப் பாடத்தைத் திறக்க அதைவிட நல்ல வாசல் கிடையாது. இப்படி நேரில் போய்ப் பார்க்க இன்னும் இடங்கள் உண்டு: கழுவெளி ஏரி பறவைகள் சரணாலயமாக 2021-இல் அறிவிக்கப்பட்டது நம் மாவட்டத்தில்தான். மரக்காணத்து உப்பளமும் நம் மாவட்டம்தான்.

மரக்காணம் என்று எழுதும்போது இன்னொன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. 2023 மே மாதம் மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து மீனவர்கள் மடிந்தார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்த்தால் உயிரிழந்தவர்கள் இருபதுக்கும் மேல். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர். எங்கள் மாடியில் ஹைட்ராக்ஸி சேர்மங்கள் பாடம் எடுத்தபோது ஒரு பையன் கேட்டான்: "ரெண்டும் ஆல்கஹால்தானே சார், ஒண்ணு மட்டும் ஏன் இப்படிக் கொல்லுது?" நான் பதில் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே பயாலஜி நன்றாகப் படிக்கும் பெண் கல்லீரல் என்றாள். கெமிஸ்ட்ரிக்காரன் ஆக்சிஜனேற்றம் என்றான். இருவரும் சேர்ந்து கொண்டுவந்துவிட்டார்கள். கல்லீரல் நொதி மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக்குகிறது, அது பிறகு ஃபார்மிக் அமிலமாகிறது. அந்த அமிலம் பார்வை நரம்பைத் தின்கிறது, ரத்தத்தை அமிலமாக்குகிறது. எத்தனால் போகும் வழியும் அதே நொதிதான், ஆனால் அது அசிட்டிக் அமிலமாகி உடலில் எரிந்துவிடுகிறது. நொதி எத்தனாலை முந்திப் பிடித்துக்கொள்வதால்தான், ஃபோமெபிசோல் என்ற மருந்து கைக்கு எட்டாத இடங்களில் மருத்துவர்கள் எத்தனாலையே மாற்றாகக் கொடுத்து உயிரைக் காப்பாற்றுகிறார்கள் என்று நான் சேர்த்தேன். ஒரே கேள்வியில் கரிம வேதியியல், நொதிப் போட்டி, கண், கல்லீரல், நம் கடற்கரை. தனிப்பயிற்சி விற்பவர்களின் பட்டியலில் கெமிஸ்ட்ரி ஒரு கட்டணம், பயாலஜி வேறு கட்டணம், வாத்தியாரும் வேறு. அந்தப் பையனின் கேள்வியை எந்த வாத்தியாரிடம் கேட்பது?

எதிர்த்தரப்பின் வலுவான வாதங்களுக்கு வருகிறேன்.

முதல் வாதம் நீட். "பிள்ளை தனியாத்தானே எழுதப்போறா, தனியாப் படிச்சாத்தானே பழகும்?" என்கிறார்கள். நீட்டில் 180 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், அதில் மூன்று தவறு. அந்த மூன்றும் கண்மூடித்தனமாக வைக்கப்பட்டவை இல்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளையும் எங்கே சறுக்கும் என்று யோசித்து வைத்தவை. மாடியில் ஒருவன் 10 என்றான், ஒருத்தி 5 என்றாள், ஒருவன் 44 என்றான். அந்தக் கணக்கு நீட்டில் வந்தால் அவையே மற்ற மூன்று விடைகள். அவற்றைத் தன் கூட்டாளி உறுதியாக வாதாடுவதைக் கேட்டு, மறுத்து, ஏன் தவறு என்று சொல்லியவள் தேர்வறையில் தயங்க மாட்டாள். சரியான விடையை மட்டும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவளுக்குத் தவறான விடை முதல்முதலாக அறிமுகமாவது தேர்வுத்தாளில்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். நீட்டின் விளைவை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் 2020-21-இல் மருத்துவம் சேர்ந்தவர்களில் 71 விழுக்காட்டுக்கு மேல் மறுமுறை எழுதியவர்கள். 2016-17-இல் அந்தப் பங்கு 13 விழுக்காட்டுக்கும் குறைவு. ஓராண்டோ ஈராண்டோ வீட்டில் உட்கார வசதியுள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுகிறது என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன. வென்ற பிள்ளையின் படத்துக்குக் கீழே "எங்கள் தனிப்பயிற்சி மாணவர்" என்று போடுகிறவர்கள், அவர் எத்தனையாவது முறை எழுதினார் என்பதையும் போட வேண்டும்.

இரண்டாவது வாதம் பெண் பிள்ளைகள். வெளியே அனுப்ப முடியாது, வீட்டிலேயே படிக்கட்டும். இந்த அச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் கோட்டக்குப்பத்தில் ஒரே தெருவில் பிளஸ் ஒன் படிக்கும் பெண்கள் மூன்று நான்கு பேராவது இருப்பார்கள். எல்லார் வீட்டிலும் மாலை ஏழு மணிக்கு ஒரே நேரத்தில், ஒரே பாடத்துக்குத் தனித்தனிச் செல்போன் திறக்கிறது. அவர்கள் ஒரு வீட்டுக் கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும்? திரை இருக்கட்டும், வாத்தியார் திரையிலேயே வரட்டும். முன்சொன்ன மிஷலின் சீ குழுவே 2008-இல் இன்னொன்றைக் காட்டியது. ஒருவருக்குத் தனிப்பயிற்சி நடக்கும் காணொளியை இரண்டு பேர் சேர்ந்து பார்த்து, பேசிப் பேசிக் கணக்குப் போட்டால், அந்தத் தனிப்பயிற்சி பெற்றவர் அளவுக்கே அவர்களும் கற்கிறார்கள். அதே காணொளியைத் தனியாகப் பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. கட்டணம் நாலாகப் பிரியும் என்பதை வேறு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது வாதம், கூச்ச சுபாவம். கூட்டத்தில் வாய் திறக்காத பிள்ளை தனியாக இருந்தால் பேசும் என்பார்கள். என் அனுபவத்தில் நடப்பது தலைகீழ். காசு வாங்கும் பெரியவர் ஒருவரிடம், அம்மா கேட்டுக்கொண்டிருக்க, தனியாகத் தவறுவது கூச்சமுள்ள பிள்ளைக்குப் பெரிய சுமை. கூடவே இரண்டு பேர் தவறினால் அந்தச் சுமை மூன்றாகப் பிரியும். என் மாடிக்கு வந்த முதல் மாதம் வாயே திறக்காத ஒருத்தி, பக்கத்துப் பெண்ணின் காதில் விடை சொல்வாள். அந்தப் பெண் உரக்கச் சொல்வாள். இரண்டாம் மாதம் அவளே சொன்னாள். திரையில் அந்தக் காது இல்லை.

ஐம்பது அறுபது பேரை அடைத்துவைத்து நோட்ஸ் வாசிக்கும் சென்டருக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. அங்கேயும் தவறு வெளியே வராது. ஓர் ஆசிரியரின் கண் எட்டும் தூரத்தில், நாலு முதல் எட்டுப் பிள்ளைகள் ஒருவர் நோட்டை ஒருவர் பார்க்கும்படி உட்கார வேண்டும். நான் சொல்வது அவ்வளவுதான்.

கடைசியாக, எனக்கு அதிகம் வலிக்கும் வாதம்: "பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர் இல்லை, வேறு என்ன செய்வது?" இடம் காலியாகக் கிடக்கும் பள்ளிகளில் இது உண்மை. ஆனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தனிப்பயிற்சிக்குள் ஒதுங்கியதும் அந்தக் காலியிடத்தைப் பற்றிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேச ஒரு குரல் குறைகிறது. ஆசிரியர் ஏன் வரவில்லை, ஆய்வகம் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்கும் திராணியுள்ள பெற்றோர் முதலில் விலகிப்போகிறார்கள். மிஞ்சியவர்களுக்குப் போனும் இல்லை, டீச்சரும் இல்லை. புதுச்சேரிப் பக்கத்து அரசுப் பள்ளிகள் மத்திய வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறிய பிறகு, ஒரே தெருவில் இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கும் அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கும் பாடநூல்கூட வேறாகிவிட்டது. மோல் வேறாகவில்லை, செவுளும் வேறாகவில்லை. இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்க ஒரு மேசைதான் வேண்டும்.

அதற்கு வழி நம் மாவட்டத்திலேயே போட்டுக் காட்டப்பட்டது. பெருந்தொற்றுக்குப் பிறகு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2021 அக்டோபர் 27-இல் தொடங்கிவைத்தது மரக்காணம் வட்டாரத்து முதலியார்குப்பத்தில். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் மாலையில் தெருவிலேயே, திண்ணையிலேயே, தன்னார்வலரோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள். சிறு பிள்ளைகளுக்குக் கூட்டமாகப் படிப்பது நல்லதென்று ஒப்புக்கொண்ட நாம், பிளஸ் ஒன் வந்ததும் அவர்களைத் தனித்தனி அறைகளில் பூட்டுகிறோம். அறிவியல் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் கோட்டக்குப்பத்திலும் நடுக்குப்பத்திலும் சின்னமுதலியார்சாவடியிலும் இருக்கிறார்கள். அஞ்சுமன் நூலகம் இருக்கிறது, பள்ளிகளில் மாலையில் காலியாகும் வகுப்பறைகள் இருக்கின்றன. 2021-இல் நகராட்சியாக உயர்ந்த ஊர் இது. மேல்நிலை அறிவியலுக்கு மாலைக் குழுக்கள் நடத்த நகராட்சி இடம் தர வேண்டும், கல்வித்துறை ஆய்வகச் சாவியைத் தர வேண்டும்.

பெற்றோர்களே, அடுத்த மாதக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு மாலை உங்கள் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பில் பின்னால் உட்காருங்கள். பாடத்தைக் கவனிக்க வேண்டாம். வாத்தியார் எத்தனை நிமிடம் பேசினார், பிள்ளை எத்தனை நிமிடம் பேசினாள் என்று மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு, அதே வகுப்பில் படிக்கும் பிள்ளை உள்ள பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.